முதற்குரல்

காலை எட்டு மணி ஆனால் போதும், தென்கரைப் பல்கலைக்கழகம் முழுவதும் ஒரே பல்லவியைப் பாடத் தொடங்கிவிடும். "தென்கரைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட நாள்முதலாக அறிவையும் ஒழுக்கத்தையும் தன் இரு கண்களாகப் போற்றி வருகிறது" என்று ஆரம்பித்து, நிறுவனரின் பெருமை, நூலகத்தின் பரப்பளவு, கடற்கரையின் நீளம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு ஒரு நிமிடத்தில் முடிகிற பத்தி அது. பதிவாளர் தம் கைப்பட எழுதியது. உலகத்தில் எத்தனையோ நல்ல பத்திகள் இருக்க, சுவரில் மாட்டிய ஒரு டப்பாவின் முன்னால் நின்று தினமும் வாசிப்பதற்கு அவருக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை.

அந்த டப்பாவுக்குச் செவி என்று பெயர். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். வாசித்து முடித்ததும் அதன் நெற்றியில் ஒரு விளக்கு எரியும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் மறுநாள் வரை பொறுத்திருக்க வேண்டும். மறுநாளும் சிவப்பு என்றால் துணிமணிகளை எடுத்துக்கொண்டு விருந்தினர் இல்லத்துக்குப் போய்விட வேண்டும். அதுதான் இப்போது தனிமை விடுதி.

கொரோனா வந்த வருடம் பிறந்த பிள்ளைகள் இன்று எம்.எஸ்ஸி. படிக்கிறார்கள். அப்பா அம்மா சொல்லிச் சலித்துப்போன கதை தங்கள் தலைமுறைக்கும் வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. இந்த முறை வந்தது குரல்வளைக் காய்ச்சல். ஐந்து நாள் உடம்பில் ஒளிந்திருந்து, ஆறாம் நாள் காய்ச்சலாகவும் எட்டாம் நாள் மூச்சுத்திணறலாகவும் வெளியே வரும். காய்ச்சல் வந்த பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் தெரியும். ஆனால் ஒளிந்திருக்கும் நாட்களிலேயே குரல்நாண் நூலளவு வீங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். மனிதக் காதுக்கு அது எட்டாது. செவிக்கு எட்டும். ஒவ்வொருவருடைய நலமான குரலையும் முதலில் ஒருமுறை பதிந்து வைத்துக்கொள்ளும். அதற்கு முதற்குரல் என்று பெயர். பிறகு தினமும் வாசிக்கிற குரலை முதற்குரலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். மாறியிருந்தால் விளக்கு சிவக்கும்.

இந்தச் செவிகளையெல்லாம் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அமிர்தகௌரியின் தலையில் விழுந்தது. இயற்பியல் துறையின் ஒலியியல் ஆய்வகத்தில் இருபது வருடமாகத் தொழில்நுட்ப அலுவலர். வயது நாற்பத்தேழு. ஊழியர் குடியிருப்பில் சி-4 வீட்டில் தனியாக இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை அம்மா கூட இருந்தாள். தம்பி மஸ்கட்டில், பொங்கலுக்கும் அம்மாவின் திதிக்கும் போன் செய்வான்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி மதியம் இரண்டு மணிக்குச் சுற்றறிக்கை வந்தது. மாலை ஆறு மணிக்குள் விடுதிகளைக் காலி செய்ய வேண்டும். அன்று நடந்த அமளியை அமிர்தகௌரி ஆய்வகத்து ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாளியும் தலையணையுமாகப் பிள்ளைகள் பேருந்துக்கு ஓடினார்கள். ஒரு பையன் கேரம் போர்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனான். ஆறு மணிக்கு மூவாயிரத்து இருநூறு பேர் இருந்த வளாகத்தில் அறுபத்தொரு பேர் மிஞ்சினார்கள். ஊருக்குப் போக வழியில்லாத மாணவர்கள் முப்பத்தெட்டு பேர், குடும்பத்தோடு குடியிருப்பில் இருந்த ஊழியர்கள் இருபத்திரண்டு பேர், அப்புறம் அமிர்தகௌரி.

மூன்றே வாரத்தில் வளாகம் ஆள் இல்லாததற்குப் பழகிக்கொண்டது. கடல்காற்று செம்மண்ணை அள்ளி வந்து வகுப்பறைகளின் வராந்தாவில் கொட்டியது. அதில் நாய்களின் கால்தடம் மட்டும் இருந்தது. சைக்கிள் நிறுத்தத்தில் பூட்டிய சைக்கிள்கள் துருப்பிடித்தன. அறிவிப்புப் பலகையில் ஜனவரிக் கலைவிழாவின் பரிசுப் பட்டியல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இருக்கிற மாணவர்களையும் அறைக்கு ஒருவர் என்று பிரித்துப் போட்டாயிற்று. சாப்பாடு பொட்டலமாகக் கதவுக்கு வெளியே வரும். வகுப்பு திரையில் வரும். பேசுவது பேராசிரியர் மட்டும்தான். பிள்ளைகள் சந்தேகத்தை எழுதிக் கேட்க வேண்டும்.

அமிர்தகௌரிக்கு இதெல்லாம் பெரிய மாற்றமாகத் தெரியவில்லை. முன்பும் அவள் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். "டீ போதும்", "சாவி குடுங்க", "கையெழுத்துப் போட்டாச்சு". கூட்டம் இருந்தபோது அது யார் கண்ணிலும் படவில்லை. இப்போது எல்லாரும் தன்னைப் போல ஆகிவிட்டார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. மறுகணமே அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

மார்ச் முதல் வாரம் சிவப்பு வரத் தொடங்கியது. முதலில் இரண்டு பேர், பிறகு ஐந்து பேர், பிறகு ஒன்பது. விருந்தினர் இல்லத்தின் அறைகள் நிரம்பின. சிவப்பு வந்தவர்களுக்கு ஆறு விதிகள் அச்சடித்துக் கதவில் ஒட்டினார்கள். ஆறாவது விதி: தொண்டைக்கு ஓய்வு தேவை; காலை வாசிப்பு தவிர ஒரு சொல்லும் பேசக் கூடாது; வீட்டாரிடமும் எழுத்தில் மட்டும் தொடர்பு கொள்ள வேண்டும்; மீறினால் குரல்நாண் நிரந்தரமாகப் பழுதாகலாம். பத்து நாளைக்குள் விளக்கு பச்சைக்குத் திரும்பாவிட்டால் மாவட்ட முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். முகாம் என்பது ஒரு கல்யாண மண்டபம். நூற்றைம்பது கட்டில், நூற்றைம்பது நிஜக் காய்ச்சல்.

அமிர்தகௌரி அங்கே போனது டப்பா பழுது பார்க்கத்தான். ஏழாம் எண் அறையின் செவி விளக்கே காட்டவில்லை என்று தகவல். டப்பா ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்ததால் மாடி வராந்தாவில் நின்றே கழற்ற முடிந்தது. உள்ளே கொசுவலைக்குப் பின்னால் ஒரு பெண் எழுந்து வந்தாள். முகக்கவசத்துக்கு மேலே பெரிய கண்கள். கையில் ஒரு நோட்டு.

"பேரு?" என்று கேட்டாள் அமிர்தகௌரி.

அந்தப் பெண் நோட்டில் எழுதிக் காட்டினாள். சபூரா. எம்.எஸ்ஸி. கடல் உயிரியல். போர்ட் பிளேர்.

அந்தமான். கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. அமிர்தகௌரி தளர்ந்திருந்த கம்பியை இறுக்கிவிட்டு, "ஒருக்கா வாசிம்மா, சரியாயிட்டான்னு பாப்போம்" என்றாள்.

சபூரா வாசித்தாள். "தென்கரைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட..." குரல் உள்ளுக்குள்ளேயே உரசிக்கொண்டு வந்தது. ரொம்ப நாள் திறக்காத கதவைத் தள்ளுவது போல ஒவ்வொரு சொல்லையும் தள்ளினாள். முடித்ததும் விளக்கு எரிந்தது. சிவப்பு.

அவள் நோட்டைத் திருப்பி வேகமாக எழுதினாள். 'இன்று நான்காம் நாள். எனக்குக் காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. பசிக்கிறது. முகாமுக்குப் போனால்தான் எனக்கு வரும். யாரிடமாவது சொல்லுங்கள் மேடம்.'

அமிர்தகௌரி அதை இரண்டு முறை படித்தாள். தலையை ஆட்டிவிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

கீழே இரண்டு பையன்கள் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். நெல்சன், வேலாயுதம். ஆறு நாள் சிவப்பில் இருந்து அன்று காலை இரண்டு பேருக்கும் ஒன்றாகப் பச்சை வந்துவிட்டதாம். அடுத்தடுத்த அறைகள். அமிர்தகௌரி வழக்கமாக யாரிடமும் எதையும் விசாரிக்கிறவள் இல்லை. ஆனால் அந்த நோட்டு எழுத்து முதுகில் குத்திக்கொண்டிருந்தது.

"என்னப்பா மருந்து சாப்பிட்டீங்க?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "மருந்தெல்லாம் இல்ல மேடம்" என்றான் நெல்சன். "மேடம், வெளிய சொல்லிராதீங்க. எங்களால வாயை வச்சிட்டுச் சும்மா இருக்க முடியல. பால்கனில நின்னு கத்திப் பேசிட்டே இருந்தோம்."

"என்னத்தப் பேசுனீங்க?"

"வாலிபால் கமெண்ட்ரி" என்றான் வேலாயுதம் தலையைச் சொறிந்துகொண்டு. "ஆளே இல்லாத கிரவுண்டுக்கு. அஞ்சு செட்டு மேடம், தினமும்."

அன்று மதியம் ஆய்வகத்தில் அமிர்தகௌரி குரல் எவ்வளவு மாறியது என்று நாள்தோறும் காட்டும் மாணவர்களின் கோடுகளையெல்லாம் திரையில் விரித்துப் பார்த்தாள். சிவப்பு வந்த ஒன்பது பேரும் மாணவர்கள். ஊழியர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. வயசானவர்களை விட்டுவிட்டு வாலிபர்களை மட்டும் பிடிக்கிற நோயா இது? மாணவர்களின் முதற்குரல் என்றைக்குப் பதிந்தது என்று பார்த்தாள். ஜனவரி இருபத்தெட்டு. கலைவிழாவின் மூன்றாம் நாள். எல்லாரும் ஒரே இடத்தில் கூடியிருப்பார்கள், வேலை சுலபமாக முடியும் என்று பதிவாளர் அலுவலகம் குறித்த தேதி அது. அன்று பந்தலில் நின்று அவளே பதிந்தாள். மூன்று நாள் விசிலடித்து, பாடி, சண்டை போட்டு, சிரித்துச் சூடேறிய தொண்டைகள். அதுதான் நலமான குரல் என்று செவி மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

எழுந்து நேராகச் சுகாதார மையத்துக்கு நடந்தாள்.

டாக்டர் ஜெயசிங் ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கிற மனிதர். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் பார்த்ததில்லை.

"அப்போ நோயே இல்லங்கியளா?"

"ஊர்ல இருக்கு சார். இங்க இல்ல. பேசாமலே இருந்தா தொண்டை இறுகிப்போகுது. அந்தப் பிள்ளைங்க நாள் முழுக்க வாயத் திறக்கிறதில்ல. செவிக்கு வீக்கத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியல. மாறியிருக்கு, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

"ஸ்டாஃபுக்கு ஏன் வரல?"

"அவங்க வீட்ல பேச ஆள் இருக்கு சார்."

டாக்டர் சிரித்தார். "அது வாஸ்தவம். எங்க வீட்ல காய்ச்சலுக்கு அப்புறம் சண்டை கூடியிருக்கே தவிர குறையல." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஆமா, நாம என்ன செய்யுதோம்? தனியா இருந்து குரல் மாறுன பிள்ளைய, இன்னும் தனியா ஒரு ரூம்ல போட்டு, வாயையும் திறக்காதங்கோம். பிறகு எப்படிப் பச்சை வரும்?"

"வராது சார்."

"எழுதிக் குடுங்க, அனுப்புதேன். ஆனா டப்பா விஷயத்த முடிவு பண்ணுத கமிட்டி இருபத்தேழாம் தேதிதான் கூடும். அதுக்கு முன்னால டப்பா சொல்லுததுதான் சட்டம். அந்த அந்தமான் பிள்ளைக்கு எத்தன நாள் இருக்கு?"

"ஆறு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்லுதது தப்பா இருந்து, அந்தப் பிள்ளைக்கு நெசமாவே நோய் இருந்து, நாம பேச வச்சு, குரலு போயிட்டுன்னா?"

அந்தக் கேள்வியோடுதான் அமிர்தகௌரியும் நடந்து வந்திருந்தாள்.

"நீங்க என்கிட்ட எதுவும் கேக்கல, நான் எதுவும் சொல்லல" என்றார் டாக்டர். "போன் நம்பர் ரிஜிஸ்டர்ல இருக்கு."

அன்று மாலை ஐந்து மணிக்கு அமிர்தகௌரி சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து சபூராவுக்குப் போன் செய்தாள். மடியில் ஒரு தாள். அதில் கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். சாப்பாடு எப்படி. தூக்கம் வருகிறதா. அம்மா என்ன செய்கிறார்கள். அவளுக்குப் பேசத் தெரியாது. அதனால் எழுதி வைத்திருந்தாள்.

விஷயத்தை எடுத்துச் சொன்னதும் மறுமுனையில், "பேசலாமா மேடம்? நெசமாவா?" என்று கரகரத்தது அந்தக் குரல்.

"பேசலாம். ஆனா நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம். தப்பா இருந்தா உனக்குத் தொண்டை போயிரும். அத யோசிச்சுக்கோ."

"முகாமுக்குப் போனா உசுரே போயிரும் மேடம். பேசுவோம்."

எழுதி வைத்த கேள்விகள் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோயின. சாப்பாடு பரவாயில்லை. தூக்கம் வரவில்லை. அம்மா போர்ட் பிளேரில், அபர்தீன் பஜாரில் தையற்கடை வைத்திருக்கிறார்கள். பிறகு இரண்டு பேரும் பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அமிர்தகௌரிக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பிள்ளையின் உயிர் பேச்சில் இருக்கிறது, தனக்கோ ஒரு வார்த்தை ஊறவில்லை.

"நீ என்ன படிக்கிற? அதச் சொல்லு" என்றாள் கடைசியில்.

"கடல் அட்டை மேடம்."

"அட்டையா?"

"கால்ல கடிக்குமே, அந்த அட்டை இல்ல. இது பாவம். கடலுக்கடில மண்ணைத் தின்னுட்டுக் கெடக்கும். வெள்ளரிக்கா மாதிரி இருக்கும்." குரல் திக்கித் திணறி, நின்று நின்று வந்தது. ஆனால் வந்தது. "ரொம்ப பயந்துச்சுன்னா குடலயே வெளிய தள்ளிரும். வந்த மீனு அதத் தின்னுட்டுப் போயிரும். இது நகந்து போய் ஒரு ஓரமா இருந்து புதுசாக் குடல் வளத்துக்கும்."

"எத்தன நாள்ல?"

"சிலதுக்கு ரெண்டு மூணு வாரம். அதுவரைக்கும் சாப்பிடாது. சும்மா இருக்கும்."

அன்று நாற்பது நிமிடம் பேசினார்கள். மறுநாள் இரண்டு மணி நேரம். அதற்கடுத்த நாள் காலையிலும் மாலையிலும். சபூரா பதிவாளர் குரலில் அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினாள். 'ஒழுக்கத்தையும்' என்ற இடத்தில் அவர் தொண்டையைக் கனைப்பதைக்கூட விடவில்லை. அமிர்தகௌரி சிரித்துவிட்டாள். அந்தச் சத்தம் சமையலறைச் சுவரில் பட்டுத் திரும்பியபோது யாரோ வந்துவிட்டார்கள் என்று ஒரு கணம் திடுக்கிட்டாள்.

சபூரா கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி. மேடம் ஏன் கல்யாணம் பண்ணிக்கலை, மேடம் கடலில் குளித்திருக்கிறீர்களா, மேடம் யார்மேலாவது கோபமா. ஒவ்வொன்றுக்கும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிப் பார்த்தாள் அமிர்தகௌரி. அந்தப் பெண் விடவில்லை. சபூரா அடைபட்ட எட்டாம் நாள் மாலை, அமிர்தகௌரி தன்னையறியாமல் அம்மா இறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அம்மா ஏதோ சொல்ல வந்ததையும், தான் "அப்புறம் பேசலாம், தூங்கும்மா" என்று சொன்னதையும், அப்புறம் என்று ஒன்று இல்லாமல் போனதையும் சொன்னாள். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாதது. கேட்க யாரும் இருந்ததில்லை.

மறுமுனையில் ஆறுதல் எதுவும் வரவில்லை. "அம்மா என்ன சொல்ல வந்திருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள் சபூரா.

"கேஸ் சிலிண்டர மூடிட்டியான்னு கேட்டிருப்பா" என்றாள் அமிர்தகௌரி. அழுதுகொண்டே சிரித்தாள்.

தொண்டை வலித்தது. இத்தனை பேச்சுக்குப் பழகாத தொண்டை. உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டாள். காலையில் தன் வீட்டுச் செவி முன்னால் கடமைக்குப் பத்தியை ஒப்பித்துவிட்டு, விளக்கைக்கூடப் பார்க்காமல் ஆய்வகத்துக்கு ஓடினாள். ஊழியர் பட்டியலை அவள் திறப்பதே இல்லை. அதில் பச்சையைத் தவிர எதுவும் வந்ததில்லை. அவள் தேடியது ஏழாம் எண் அறையை மட்டும்தான். ஐந்து, ஆறு, ஏழாம் நாள் சிவப்பு. எட்டாம் நாளும் சிவப்பு. கோடு மட்டும் மயிரிழை இறங்கியிருந்தது. ஒன்பதாம் நாள் மஞ்சள்.

பத்தாம் நாள் காலை ஆம்புலன்ஸ் வந்து விருந்தினர் இல்லத்தின் முன்னால் நின்றது. ஓட்டுநர் இறங்காமல் காத்திருந்தார். டாக்டர் ஜெயசிங் வேப்பமரத்தடியில் நின்றார். அமிர்தகௌரி ஜன்னலுக்கு வெளியே. கொசுவலைக்குப் பின்னால் சபூரா வாசித்தாள். "தென்கரைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட நாள்முதலாக..." இந்த முறை சொற்கள் ஓடி வந்தன. 'ஒழுக்கத்தையும்' என்ற இடத்தில் அவள் ஜன்னலைப் பார்த்துக் கண்ணடித்தாள். பாவி, இந்த நேரத்திலா என்று அமிர்தகௌரிக்குப் பதறியது.

விளக்கு ஒரு நொடி எரியாமல் இருந்தது. பிறகு பச்சை.

ஆம்புலன்ஸ் வெறுமனே திரும்பிப் போனது. டாக்டர் அன்றே ஆறாவது விதி எழுதின தாள்களைக் கதவுகளிலிருந்து கிழித்தெடுத்தார். மற்ற பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். அதோடு ஒரு நல்ல செய்தியும் வந்தது: அந்தமான்காரர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து ஒரு கப்பல் புறப்படுகிறது, பச்சை விளக்குச் சான்றிதழ் இருந்தால் ஏறலாம். சாயங்காலமே பேருந்து.

பேருந்துக்குப் பக்கத்தில் இருபது அடி தள்ளி நின்று இருவரும் பார்த்துக்கொண்டார்கள். சபூரா முகக்கவசத்தைக் கீழே இழுத்து ஒரே ஒரு முறை முகத்தைக் காட்டினாள். நினைத்ததைவிடச் சின்ன முகம். "போன் பண்ணுவேன் மேடம், எடுக்கணும்" என்று கத்தினாள். பேருந்து போன பிறகு அமிர்தகௌரி வெகுநேரம் அங்கேயே நின்றாள். பத்து நாளைக்கு முன்பு இதே வளாகத்தில் இதே அமைதி இருந்தது. அப்போது அது அவளுக்கு வலிக்கவில்லை. இப்போது வலித்தது.

மறுநாள் காலை அவசரம் எதுவும் இல்லை. அதனால் வாசித்து முடித்துவிட்டு விளக்கைப் பார்த்தாள்.

சிவப்பு.

பத்தியை மறுபடி வாசித்தாள். சிவப்பு. நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய், முதல்முறையாகத் தன் கோட்டைத் திறந்தாள். நான்கு நாள் முன்பு மஞ்சள். நேற்றும் சிவப்பு. இன்றும் சிவப்பு. பட்டியல் தானாகவே டாக்டருக்குப் போயிருந்தது. அவர் போன் வந்துவிட்டது.

சுகாதார மையத்தில் டாக்டர் காய்ச்சல் பார்த்தார், தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. இப்பத்தான் உங்க குரலு நல்லாயிருக்கு. பிறகு என்னத்துக்கு இது சிவப்புங்குது?"

அமிர்தகௌரி தன் முதற்குரலின் தேதியைக் காட்டினாள். ஜனவரி பதினெட்டு. பொங்கல் விடுமுறை முடிந்த காலை. டப்பாக்கள் வந்து இறங்கியதும், சோதித்துப் பார்க்க முதல் ஆளாகத் தன் குரலைத்தான் பதிந்தாள். தம்பி அந்தப் பொங்கலுக்குப் போன் செய்ய மறந்திருந்தான். அதற்கு முந்தைய நான்கு நாள் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

இருவரும் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அடிபிசகாத பச்சை. வளாகத்திலேயே மிக நலமான கோடு அவளுடையதுதான்.

"அப்போ அந்தப் பிள்ளைக்குப் பேசாம மாறிச்சு. உங்களுக்குப் பேசி மாறியிருக்கு" என்றார் டாக்டர் மெதுவாக. "இதவிட அத்தாட்சி என்ன வேணும்? கமிட்டிக்கு அனுப்புதேன்."

"இருபத்தேழாம் தேதி."

"ஆமா." அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ரெண்டு நாள் சிவப்பு, பட்டியல் மாவட்டத்துக்கே போயிட்டு. நான் ஒண்ணும் செய்யதுக்கில்ல. விருந்தினர் இல்லத்துக்குப் போயிருங்க. இருபத்திரண்டுக்குள்ள பச்சை வந்துட்டா முகாமுக்குப் போக வேண்டாம்." சற்று நிறுத்தி, "உங்களுக்கு அது சிரமமில்ல. யார்ட்டயும் பேசாண்டாம். அஞ்சாறு நாள் பழையபடி இருங்க, தானா வந்துரும். வந்துட்டா, நோய் வந்துச்சு, குணமாயிட்டுன்னு எழுதி மூடிருவாங்க. அத்தாட்சி போச்சுன்னாலும் நீங்க தப்பிச்சிருவிய" என்றார்.

ஏழாம் எண் அறையையே கொடுத்தார்கள். கட்டிலில் சுத்தமான விரிப்பு விரித்திருந்தது. மேஜை இழுப்பறையில் அந்த நோட்டு கிடந்தது, கடைசிப் பக்கத்தில் ஒரு கடல் அட்டையின் படத்தோடு. அமிர்தகௌரி பையை வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆளில்லாத வாலிபால் மைதானத்தில் வலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கணக்கு எளிதாக இருந்தது. ஐந்தாறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பச்சை. சி-4 வீடு, ஆய்வகம், "டீ போதும்", "சாவி குடுங்க". பேசாமலிருப்பது அவளுக்குக் கைவந்த கலை. இல்லாவிட்டால் கல்யாண மண்டபம், நூற்றைம்பது கட்டில். அவளுக்குப் பயமாக இருந்தது. முகாமை நினைத்தும் பயமாக இருந்தது, அந்தப் பச்சையை நினைத்தும் பயமாக இருந்தது. இரண்டில் எது பெரிது என்று அவளால் உடனே சொல்ல முடியவில்லை.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. திரையில் சபூராவின் பெயர். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியிருக்கும். கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விடும். பிறகு மூன்று நாளைக்கு இருக்காது.

நான்கு முறை அடிக்கும்வரை அமிர்தகௌரி போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பேசலாம் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் அந்தப் பெண் தப்பாக நினைக்க மாட்டாள்.

ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லு சபூரா" என்றாள். கரகரப்பே இல்லாமல் வந்தது குரல். "கப்பல்ல என்ன சாப்பாடு?"